ஆறாம் நம்பர் பிள்ளையின் இடது கை

கொட்டாரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஜேசுதாஸுக்குக் கூடைப்பந்து ஆடத் தெரியாது. ஆனால் கடைக்கு எதிரே இருக்கும் கல்லூரியின் பெண்கள் அணி ஆடிய ஒரு ஆட்டத்தையும் பதினோரு வருஷமாக அவர் விட்டதில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் அட்டவணை வருவதற்கு முன்னால், எந்த அணி எதிரே வந்தால் நல்லது, எந்த அணி வரவே கூடாது என்று வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போடுவார். அதைக் கேட்பதற்கென்றே இருநூறு பேர் இருந்தார்கள்.

இந்த வருஷமும் போட்டார். "களியக்காவிளைக்காரிய மட்டும் வரப்பிடாது மக்கா. அதுல ஒருத்தி கை தூக்குனா வளையமே அவ கைக்குள்ளதான். அஞ்சுகிராமம் வந்தா நமக்குக் கோளு, சும்மா கெடைக்கிற வெற்றி. மொத்தமே ஆறு பிள்ளைய. அதுலயும் ஆறாம் நம்பர்காரிக்கு இடது மணிக்கட்டு போன வருஷம் ஒடிஞ்சது. பந்தை அந்தப் பக்கமா கொண்டு போனா கையை உள்ள இழுத்துக்கிடுவா. அங்கேயே போய் இடிக்கணும்."

அட்டவணையில் முதல் ஆட்டமே அஞ்சுகிராமத்தோடு என்று வந்தது. குழுவை நடத்தும் சுபின் கடைக்கே வந்து கை குலுக்கிவிட்டுப் போனான்.

ஆட்டத்தன்று காலையில், விளையாட்டு உடையோடு ஒரு பெண் ஆறு அடையாள அட்டைகளை நகலெடுக்கக் கொண்டுவந்தாள்.

"எந்தக் காலேஜ் மக்கா?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அஞ்சுகிராமம். அண்ணாச்சி, எங்க வரைக்கும் சுத்தி வந்த அந்த வாய்ஸ் போட்டது நீங்கதானா?"

மேலே கிடந்த அட்டையில் அவள் படத்தோடு ஆதிரா என்று இருந்தது. அவளுடைய இடது மணிக்கட்டில் பழுப்புத் துணிக்கட்டு.

"எந்த வாய்ஸ்? நான் இல்ல மக்கா."

"சாரி அண்ணாச்சி. சத்தம் ஒண்ணுபோல இருந்துச்சு, அதான்."

எந்திரத்தின் மூடியை மூடாமலே பொத்தானை அழுத்தி, ரெண்டு தாளைக் கறுப்பாக்கினார் ஜேசுதாஸ்.

ஆட்டத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனார். கொட்டாரம் அணித் தலைவி ராகேல் பந்தைத் தட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப ஆதிராவின் இடப்பக்கமே போனாள். ஆதிரா கையை உள்ளே இழுக்கவில்லை, நீட்டி மறித்தாள். மூன்றாவது பகுதியில் ராகேலின் தோள் அந்தக் கையில் மோதியது. ஆதிரா சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரியே," என்று சுபின் அவர் முதுகில் தட்டினான். சுற்றி இருந்தவர்கள் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மிச்சம் ஐந்து பேரோடு ஆடி அஞ்சுகிராமம் முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. ஜேசுதாஸ் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிக்கொண்டு, ஆதிரா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனார்.

"மக்கா, அது நான்தான். காலைல பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் அண்ணாச்சி."

"பின்ன எதுக்கு சாரி சொன்ன?"

"உங்க முகம் ஒருமாதிரி ஆயிட்டு. பாக்கச் சங்கடமா இருந்துச்சு." ஐஸை வலது கையால் வாங்கிக்கொண்டாள். "கை விஷயம்கூடப் பெருசில்ல. நாங்க வந்தா கோளுன்னு சொன்னியள்லா, எங்க பிள்ளைய அதையே போட்டுப் போட்டுக் கேட்டுட்டு இருந்துச்சுவ."

அவர்களுடைய வேன் கிளம்பும் வரை நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் கடையில் இருந்தபடி அந்தப் பதிவை அழிக்கப் பார்த்தார். எல்லாருடைய கைபேசியிலிருந்தும் அழிப்பதற்கு நாள் கடந்துவிட்டது; உங்கள் கைபேசியில் மட்டும் அழிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று விட்டுவிட்டுப் புதிதாகப் பேசினார்: "அஞ்சுகிராமத்துப் பிள்ளைய பத்தி நான் பேசினது தப்பு. அந்தப் பிள்ளை கையை இழுக்கல."

பிறகு சுபின் எழுதியிருந்தான்: "சரி அண்ணாச்சி. அடுத்தது களியக்காவிளை. அவளுவள்ல யாருக்கு எங்க அடி?"