நாற்பது வண்டிக்கு ஒரு கண்டக்டர்

பத்தொன்பது வருஷமாகப் பஸ்ஸிலேயே குடியிருந்தவள் என்றாலும், போகிற வண்டியைப் பார்த்து ரோட்டோரம் நின்று கை நீட்டியது கிடையாது கண்டக்டரம்மா. நீட்டுகிறவர்களை ஏற்றுவதா, விட்டுவிட்டுப் போவதா என்று முடிவு செய்கிற இடத்தில் இருந்தவள் அவள். அப்பேர்ப்பட்டவள் பாஷை தெரியாத நாட்டில், நெடுஞ்சாலை ஓரத்தில், நாலு மணி நேரமாகக் கட்டை விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒருவரும் நிறுத்தவில்லை.

அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, கடலோர நகரத்தில் அவள் தங்கை நர்ஸாக இருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அவளுக்குப் பதிவுத் திருமணம். மாப்பிள்ளை அந்த நாட்டுக்காரன், அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். "தானாப் பார்த்துக்கிட்டவளுக்கு நாம எதுக்கு?" என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெண் வீட்டுப் பக்கம் ஒரு ஆள்கூட இல்லாமலா என்று இவளுக்கு மனசு கேட்கவில்லை. சேமிப்பைத் துடைத்து எடுத்து விமானம் ஏறிவிட்டாள். புதன்கிழமை காலையில் வந்து இறங்கினால் ரயில்காரர்கள் வேலைநிறுத்தம். பஸ்களில் மூன்று நாளைக்கு ஊசி குத்த இடமில்லை.

போனில் தங்கை அழாத குறை. "அக்கா, டாக்சி பிடிச்சு வந்துடு. நான் குடுத்துக்கறேன்."

"கல்யாணச் செலவு பத்தாதுன்னு இது வேறயா? இங்க சின்னஞ்சிறுசுங்க எல்லாம் கையைக் காட்டி ஏறிப் போகுதுங்க. நானும் அப்படியே வரேன்."

"உனக்கு இங்க ஒரு வார்த்தைகூடத் தெரியாதேக்கா."

"உங்க ஊர் பேரை அட்டையில எழுதி வாங்கிட்டேன். வேற என்ன தெரியணும்?"

நாலு மணி நேரம் கழித்துதான் அவளுக்குத் தன் தப்பு உறைத்தது. நின்றிருந்தது வளைவில். வளைவில் எந்த டிரைவர் நிறுத்துவான்? அவளுடைய டிரைவரே நிறுத்த மாட்டானே. இருநூறு அடி நடந்து, ரோடு அகலமான இடத்தில் போய் நின்றாள். பத்தே நிமிஷத்தில் மெத்தை ஏற்றிய வேன் ஒன்று நின்றது. ஓட்டியவர் ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் மனைவி. அன்றைக்கு அவர்கள் கடையில், விற்பனைக்கு வைத்திருந்த கட்டிலிலேயே படுக்கச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் ஒரு மாட்டு டாக்டரின் கார், அப்புறம் காய்கறி வண்டி, அப்புறம் பெயிண்டர்கள் மூன்று பேரோடு ஏணிக்குப் பக்கத்தில் ஒரு இடம். ராத்தங்கல் லாரிக்காரர்களின் ஓய்வு மண்டபத்தில், ஓசியில்.

வெள்ளிக்கிழமை காலையில் மரக்கன்று ஏற்றிய லாரி கிடைத்தது. ஓட்டியவள் ஐம்பது வயசுக்காரி, கிராப்புத் தலை, சிரித்தால் லாரியே குலுங்கும். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தையும் இல்லை. பிள்ளைகள் போட்டோவைக் காட்டி, புருஷன்மாரைப் பற்றிக் கையாலேயே குறை சொல்லி, ஒரு மணி நேரத்தில் ஒட்டிக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு மலைப்பாதையில் வண்டி நின்றது. முன்னால் பாறை சரிந்து பாதி ரோட்டை அடைத்திருந்தது. மீதிப் பாதியில் ஒரு சுற்றுலா பஸ்ஸும் சிமெண்ட் லாரியும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. பின்னால் வந்தவர்கள் இருக்கிற சந்திலெல்லாம் நுழைத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது வண்டி இருக்கும். எல்லாரும் ஹாரன் அடித்தார்கள், கத்தினார்கள். பின்வாங்க மட்டும் யாருக்கும் மனசில்லை. பதினொன்றும் ஆயிற்று.

கண்டக்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் விட்டாள் பாருங்கள், மலையே திரும்பிக் கேட்டது. அத்தனை ஹாரனும் அடங்கிப்போயிற்று.

நேராகப் பின்வரிசைக்கு நடந்தாள். கடைசிக் காரின் கூரையைத் தட்டி ஓரம் காட்டினாள். "நீ முதல்ல. ஒடி, நல்லா ஒடிச்சு வா. அவ்வளவுதான்." அடுத்தது, அதற்கடுத்தது. தமிழ் அங்கே யாருக்கும் புரியவில்லை. கை என்ன சொல்கிறது என்பது எல்லாருக்கும் புரிந்தது. முணுமுணுத்த ஒருவனை ஒரு பார்வை பார்த்தாள். டிக்கெட் எடுக்காதவனைப் பார்க்கிற பார்வை. அவனும் ஒதுங்கினான்.

கடைசியில் பஸ். ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். டிரைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், பள்ளத்தின் விளிம்பிலேயே போய் நின்றுகொண்டாள். தன்னை நம்பி அவன் பின்னால் வர வேண்டுமென்றால் வேறு வழியில்லை. "வரட்டும்... வரட்டும்... இன்னும் ஒரு சாண்... நில்லு!" தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு. பஸ் நின்றது. மறுபடி இரண்டு தட்டு, மறுபடி நகர்ந்தது. ஆறாவது தடவையில் சிமெண்ட் லாரிக்கு வழி பிறந்தது.

அரை மணி நேரத்தில் நாற்பது வண்டியும் ஊர ஆரம்பித்தன. கடந்து போன ஒவ்வொன்றும் அவளிடம் வந்ததும் மெதுவானது. கண்ணாடி இறங்கியது, கதவு திறந்தது, ஏறிக்கொள் என்று கை கூப்பிட்டது. புதன்கிழமை ஒரு வண்டிக்குத் தவம் கிடந்தவள், இப்போது ராணி மாதிரி தலையாட்டி ஒவ்வொருவரையும் அனுப்பிவிட்டு மரக்கன்று லாரியில் ஏறினாள். லாரிக்காரி தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தாள்.

பதிவு அலுவலக வாசலில் லாரியே போய் நின்றபோது இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். பச்சைப் பட்டில் ஓடி வந்த தங்கை கட்டிக்கொண்டு விடவேயில்லை. உள்ளே இன்னொரு சிக்கல்: அந்த நாட்டு பாஷை தெரிந்த மூன்று சாட்சி வேண்டும், வரவேண்டிய நர்ஸ் தோழி அவசர கேஸில் மாட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையின் மாமாவும் அக்காவும் போக, ஒரு கையெழுத்து குறைந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற லாரிக்காரி ஏதோ சொல்லிக்கொண்டே முன்னால் வந்து பேனாவை எடுத்தாள்.

"என்னடி சொல்றா?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "மலையில எல்லாருக்கும் உங்க அக்கா ஒதுங்க இடம் காட்டினாங்க, இங்க கையெழுத்துப் போட எனக்கு ஒரு இடம் இருக்குங்கறாக்கா."

சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளையின் அம்மா அக்கறையாக விசாரித்தாள், தங்கை மொழிபெயர்த்தாள். "திரும்பிப் போறதுக்கு ரயில் டிக்கெட் எடுத்துத் தரட்டுமான்னு கேக்கறாங்கக்கா. ஸ்டிரைக் முடிஞ்சுடுச்சாம்."

கண்டக்டரம்மா வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"வேணாம்னு சொல்லு. லீவு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. போறப்ப கிழக்குப் பக்கமா சுத்திப் போறேன். அந்தப் பக்கம் ரோடு எப்படின்னு மட்டும் கேட்டுச் சொல்லு."