வந்து தங்கிய இரவுகள்

மண்டலச் சுற்றுலா வளர்ச்சி அலுவலகத்தில் அவருக்குப் புள்ளியம்மா என்று பெயர். மேசைப் பலகையில் இருந்த 'புள்ளியியல் அலுவலர்' என்பதைச் சுருக்கி யாரோ கேலிக்கு வைத்தது. ஒரு கடிதத்தில் ஒரு புள்ளி இடம் தவறினாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவர் என்பதால் பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. புதிதாக வந்த இயக்குநரே "புள்ளியம்மாவைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இயக்குநர் நல்ல மனிதர். வந்த வாரமே ஏரியைச் சுற்றி வந்து, அதன் நடுவில் பாட்டுக்கு ஏற்ப ஆடும் நீரூற்று ஒன்று வைத்தே தீர்வது என்று முடிவு கட்டிவிட்டார். அதற்கான வரைபடங்களை அறை முழுக்க ஒட்டி வைத்திருந்தார். கதவைத் திறந்தால் காற்றில் எல்லா நீரூற்றும் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

அந்த அறைக்குத்தான் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. புதிய கொள்கை. வெளியூர்க்காரர்கள் வருடத்துக்கு ஒரு லட்சம் இரவாவது வந்து தங்குகிற மண்டலம் மட்டுமே இனி 'வளர்ச்சி மண்டலம்'. அதற்குக் குறைந்தால் நிதி பக்கத்து மண்டலத்துக்குப் போய்விடும். விடுதிகளின் பதிவேடுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தபோது முப்பத்திரண்டாயிரம்தான் வந்தது.

இயக்குநருக்கு முகம் தொங்கிப் போயிற்று. "ஏரியைப் பார்க்க வர்றவங்க மத்தியானம் வந்து சாயங்காலம் போயிடறாங்களேம்மா. ராத்திரி தங்கச் சொல்லி கையைப் பிடிச்சா இழுக்க முடியும்?"

புள்ளியம்மா கொள்கைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனார். அதை அலுவலகத்தில் யாரும் முழுதாகப் படித்திருக்கவில்லை. மறுநாள் காலை பதினான்காம் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளைச் செருகிக் கொண்டுவந்து இயக்குநர் முன்னால் வைத்தார்.

"சார், சுற்றுலாப் பயணின்னா யாருன்னு இங்க போட்டிருக்கு. வழக்கமா இருக்கிற ஊரை விட்டு வந்து ஒரு ராத்திரியாவது தங்கறவங்க. எதுக்கு வந்தாலும் சரி, எங்க தங்கினாலும் சரி. சொந்தக்காரங்க வீடும் சேர்த்தி."

"மாமியார் வீட்டுக்கு வர்றவன் சுற்றுலாப் பயணியா?"

"கொள்கைப்படி ஆமா சார்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் பக்கத்தை மறுபடி படித்தார். "நம்ம மண்டலத்துல எத்தனை வீடு?"

"இருபத்து நாலாயிரம். நானூறு வீட்டைக் குலுக்கல்ல எடுத்து, போன ஒரு வருஷத்துல யார் வந்து தங்கினாங்கன்னு கேட்டா போதும்."

இப்படித்தான் கணக்கெடுப்பு ஆரம்பித்தது. ஒன்பது பேர் கிளம்பினார்கள். தன் பங்குக்கு நாற்பது வீடுகளை எடுத்துக்கொண்ட புள்ளியம்மாவை அலுவலக ஜீப் ஓட்டுநர் தெருத் தெருவாக அழைத்துப் போனார். ஓட்டுநருக்கு வாய் சும்மா இராது. புள்ளியம்மா ஒரு கேள்வி கேட்டால் அவர் பின்னாலிருந்து நாலு கேள்வி கேட்பார். முதல் நாள் புள்ளியம்மா அதட்டிப் பார்த்தார். ஓட்டுநர் கேட்கிற கேள்விக்குத்தான் ஜனங்கள் உண்மையைச் சொல்கிறார்கள் என்று இரண்டாம் நாள் தெரிந்துபோனதும் விட்டுவிட்டார்.

ஒரு பூட்டுக் கடைக்காரர் வீட்டில் கதவைத் திறந்தது அவரேதான்.

"போன வருஷம் வெளியூர்லேர்ந்து யாராவது வந்து தங்கினாங்களா?"

"மச்சான் வந்தாரு."

"எத்தனை ராத்திரி?"

"ரெண்டு நாள்னு சொல்லிட்டு வந்தாரு. நாப்பத்தொரு ராத்திரி. எழுதிக்கோங்க. அரசாங்கத்துக்கும் தெரியட்டும்."

"வந்த நோக்கம்?"

"அதைத்தான் நாங்களும் அப்பப்ப கேட்டுக்கிட்டிருந்தோம்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "எங்க அண்ணன் இருந்த வரைக்கும் இவர் ஒரு நாளாவது வாய்விட்டுச் சிரிக்காம இருந்தாரான்னு கேளுங்க. ராத்திரி எல்லாம் ரெண்டு பேரும் சீட்டாட்டம். அவர் ஊருக்குப் போனதும் இவருக்கு மூணு நாள் காய்ச்சல்."

கடைக்காரர் கதவின் தாழ்ப்பாளைத் தேவையில்லாமல் இழுத்து இழுத்துச் சரிபார்த்தார். படிவத்தில் காய்ச்சலுக்குக் கட்டம் இல்லை. 'நோக்கம்: உறவினரைக் காணல்' என்று எழுதிக்கொண்டு புள்ளியம்மா இறங்கினார்.

எந்த வீட்டிலும் ஐந்து நிமிடத்தில் வெளியே வர முடியவில்லை. வந்தவர்கள் படுத்த கட்டிலைக் காட்டினார்கள். குழந்தைகள் சுவரில் கிறுக்கியதை வெள்ளையடிக்காமல் விட்டு வைத்திருந்ததைக் காட்டினார்கள். வராதவர்களைப் பற்றி இன்னும் அதிக நேரம் பேசினார்கள்.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள் தனியாக இருந்தார். கேள்வியை முடிக்க விடாமல், "மகனும் மருமகளும் ரெண்டு பிள்ளைங்களும் வந்தாங்க. ரெண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம்," என்று மளமளவென்று சொல்லிவிட்டார். புள்ளியம்மா எழுதிக்கொண்டார். ஜீப் தெருமுனையைத் திரும்பும்போது ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். அந்த அம்மாள் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

"அழிச்சிடும்மா," என்றார் மூச்சு வாங்க. "யாரும் வரல. வாயில வந்துடுச்சு. அரசாங்கக் காகிதத்துல பொய் சொல்லக் கூடாது."

புள்ளியம்மா ஜீப்பிலிருந்து இறங்கினார். ஓட்டுநர்தான் கேட்டார். "ஏம்மா வரல? சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லப்பா. சந்திப்பு நிலையத்துக்கு அவங்க ரயில் அஞ்சு இருபதுக்கு வருது. நம்ம ஊர் பஸ் அஞ்சு பத்துக்கே கிளம்பிடுது. அடுத்த பஸ் எட்டு மணிக்கு. ரெண்டு குழந்தைங்களை வெச்சுக்கிட்டு மூணு மணி நேரம். உட்கார ஒரு பெஞ்சு கிடையாது, கழிப்பறை பூட்டிக் கிடக்கு. ஒரு தடவை சின்னவ பாவாடையை நனைச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே வந்தா. அதுக்கப்புறம் மருமக, 'அத்தை, நீங்க இங்க வந்துடுங்களேன்'னு சொல்லிட்டா. அவ மேல தப்பில்ல. எனக்குத்தான் அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முதுகு விடல."

புள்ளியம்மா படிவத்தைத் திருத்தினார். பதினோராவது கேள்வி, 'வருவதில் உள்ள இடையூறு'. அதுவரை பெரும்பாலும் வெற்றாக விட்டிருந்த கட்டத்தில், 'பத்து நிமிடம்' என்று எழுதினார்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வியை எல்லா வீட்டிலும் நின்று நிதானமாகக் கேட்டார். மற்ற எட்டுப் பேரையும் கேட்கச் சொன்னார். அதே பஸ், அதே ரயில், அதே பூட்டிய கதவு. நானூறில் நூற்றுப் பதினேழு வீடுகளில் ஆளுக்கு ஆள் வார்த்தை மாறியதே தவிர விஷயம் மாறவில்லை.

குலுக்கலில் புள்ளியம்மாவின் வீடும் விழுந்திருந்தது. அவர் வீட்டுக்கு அவரே கேட்க முடியாது என்பதால், அலுவலகத்தில் கடைசியாகச் சேர்ந்த பெண் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வந்தவள் படிவத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"கொடு."

"மேடம், வீட்டுல சார் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க."

வாங்கிப் பார்த்தார். தங்கியவர்கள்: இல்லை. இடையூறு: 'குளியலறைக் கதவில் என் மனைவி ஒட்டியிருக்கும் நேர அட்டவணை.'

புள்ளியம்மாவின் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அன்று மாலை புள்ளியம்மா நேராகக் கடைக்கே போய் நின்றார்.

"ஊர் சிரிக்க இப்படியா எழுதறது?"

கணவர் ஒரு கண்ணாடியின் காதுக் கம்பியை வளைத்துக்கொண்டே, "பொய் சொல்லக் கூடாதுன்னு படிவத்துலயே மேல அச்சடிச்சிருக்கே," என்றார். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்தார். "உன் தங்கச்சி அஞ்சு வருஷமா காலைல வந்து நாலு மணி பஸ்ஸுக்குப் போயிடறா. நீ ஒரு தடவையாவது ஏன்னு கேட்டியா?"

கேட்டதில்லை. ஐந்து வருடத்துக்கு முன்பு தங்கை ஒரு வாரம் தங்க வந்தாள். வந்த மறுநாள் குளியலறைக் கதவில் தன் பெயருக்கு நேராக 'ஆறு பத்து முதல் ஆறு இருபத்தைந்து வரை' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, "இது வீடா, விடுதியா?" என்று கேட்டாள். எல்லாருக்கும் சுடுதண்ணீர் கிடைக்கட்டும் என்றுதான் புள்ளியம்மா ஒட்டினார். தங்கை அன்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அதன் பிறகு தங்கவில்லை.

அங்கேயே, கடையின் முக்காலியில் உட்கார்ந்து தங்கைக்குப் போன் போட்டார்.

"ஒரு கேள்வி கேக்கணும். அரசாங்கக் கேள்வி."

"கேளு."

"இங்க வந்து தங்கறதுல உனக்கு என்னடி இடையூறு?"

தங்கை சொன்னாள். "அக்கா, நீ என்னைக் கவனிச்சுக்கறேன்னு என்கூட உட்காரவே மாட்டேங்கற. நான் வந்ததுலேர்ந்து போற வரைக்கும் ஒவ்வொண்ணா முடிச்சு முடிச்சு டிக் அடிச்சுக்கிட்டே இருக்க. நான் உன்னைப் பார்க்க வரேன். நீ என்னை நிர்வாகம் பண்ற."

கணவர் ஒன்றும் தெரியாதவர்போல ஷோகேஸைத் துடைத்தார்.

"அட்டவணையைக் கிழிச்சிடறேன்," என்றார் புள்ளியம்மா.

"கிழிக்க வேணாம். என் பேரை மட்டும் எடுத்துடு. நான் எப்ப தோணுதோ அப்ப குளிக்கிறேன்."

அடுத்த வாரமே வந்து மூன்று இரவு தங்கினாள். கணக்கெடுப்பு முடிந்துவிட்டிருந்தபடியால் அந்த மூன்று இரவும் எந்தக் கூட்டலிலும் சேரவில்லை. முதல் நாள் காலை தங்கை ஒன்பது மணி வரை குளியலறைப் பக்கமே போகவில்லை. புள்ளியம்மா மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார், நான்காவது தடவை கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அறிக்கையை வாசித்துக் காட்டச் சொன்னாள் தங்கை. இரண்டு பக்கம் கேட்டுவிட்டு, "சதவீதத்தை அப்புறம் சொல்லு. முதல்ல அந்த அம்மா செருப்பில்லாம ஓடி வந்ததைச் சொல்லு," என்றாள்.

தலைமையகத்தின் நிதிக் குழுக் கூட்டத்துக்கு இயக்குநரும் புள்ளியம்மாவும் போனார்கள். இயக்குநர் ஒரு நீள உருளையில் நீரூற்று வரைபடத்தையும் எடுத்துக்கொண்டார். நீளமான மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஜன்னலை மறைத்த கனத்த திரை. தலைவர் ஒரு மூத்த அம்மையார். பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார்.

புள்ளியம்மா எண்களைச் சொன்னார். விடுதிகளில் முப்பத்திரண்டாயிரம், வீடுகளில் தொண்ணூற்றாறாயிரம். உறுப்பினர் ஒருவர் சிரித்தார். "அப்ப உங்க மண்டலத்துக்கு முக்கியமான சுற்றுலாத் தலம் மாமனார் வீடுதான்னு சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "விதி இடம் கொடுக்குது, சரி. ஆனா இவங்க எதைப் பார்க்க வர்றாங்கம்மா? பணம் கொடுத்தா எதுல போடறது?"

"ஆளைப் பார்க்க வர்றாங்க மேடம்," என்றார் புள்ளியம்மா. "நிறையப் பேர் வரணும்னு நினைச்சும் வராம இருக்காங்க." அதோடு கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மாள் ஜீப்புக்குப் பின்னால் வந்ததைச் சொன்னார். ஐந்து பத்து பஸ்ஸைச் சொன்னார். பூட்டிக் கிடக்கும் கழிப்பறையையும் நூற்றுப் பதினேழு வீடுகளையும் சொன்னார். பூட்டுக் கடைக்காரரின் காய்ச்சலைக்கூடச் சொல்லிவிட்டார், வாய் தவறித்தான்.

தலைவர் இயக்குநரைப் பார்த்தார். "நீங்க நீரூற்று கேட்டு எழுதியிருந்தீங்களே?"

இயக்குநரின் கை உருளையின் மேல் இருந்தது. புள்ளியம்மாவுக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"கேட்டிருந்தேன் மேடம்," என்றார் இயக்குநர். "அது அப்புறம் ஆகட்டும். முதல்ல ஜனங்க வந்து சேரணும்ல." உருளையை எடுத்துக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

மண்டலத்தின் தகுதி இரண்டு வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது. சந்திப்பு நிலையத்தில் காத்திருப்புக் கூடமும் கழிப்பறையும் கட்டக் கேட்டதில் முக்கால் பங்கு கிடைத்தது. கூடவே ஏரிக்கரைக்கு எட்டு விளக்கும் கைப்பிடிக் கம்பியும் ஒதுக்கினார்கள். அந்த எட்டு விளக்குக்கே இயக்குநர் உச்சி குளிர்ந்துபோய், எந்த விளக்கு எங்கே என்று மறுநாளே சுண்ணாம்புக் கட்டியோடு கரையில் புள்ளி வைக்கக் கிளம்பிவிட்டார்.

கட்டடம் ஐந்து மாதத்தில் எழுந்தது. பஸ் நேரத்தை மாற்றத்தான் ஏழு மாதம் ஆயிற்று. போக்குவரத்து வேறு துறை. பதினோரு கடிதம் எழுதினார் புள்ளியம்மா. பத்துக்குப் பதில் இல்லை. கடைசிக் கடிதத்தை ஓட்டுநர் தபாலில் போடாமல் பணிமனைக்கு நேரில் கொண்டுபோய், மேலாளரின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, தன் மாமியார் சந்திப்பில் மூன்று மணி நேரம் நின்ற கதையை விஸ்தாரமாகச் சொன்னார். மறு வாரம் ஐந்து பத்து பஸ் ஐந்து நாற்பதுக்கு மாறியது. ஓட்டுநரின் மாமியார் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார் என்பது புள்ளியம்மாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த ஒரு தவறை மட்டும் அவர் திருத்தச் சொல்லவில்லை.

அந்தப் பஸ் ஓட ஆரம்பித்த மாதத்தில் புள்ளியம்மா விடுப்புக்கு விண்ணப்பித்தார். நாலு நாள். பத்து வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல நாலு நாள் கேட்டது அதுதான் முதல் தடவை. இயக்குநர் ஆச்சரியப்பட்டார்.

"எங்கம்மா பயணம்?"

"தங்கச்சி வீட்டுக்கு சார். மூணு ராத்திரி."

"அது பக்கத்து மண்டலமாச்சே. அவங்க கணக்குல மூணு ஏறிடுமே."

"ஏறட்டும் சார்."

இயக்குநர் பொய்யாக ஒரு பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். புள்ளியம்மா மறுநாள் காலைப் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தார். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய் என்று தங்கை கேட்டிருந்தாள். சேரும்போது சேருவேன் என்று சொல்லியிருந்தார்.