அஃறிணையில் ஒரு மாமியார்

மாமியாரைக் கோபப்படுத்தக் கூடாது. அந்த வாரம் மாப்பிள்ளைக்கு வீட்டில் இடப்பட்ட கட்டளை அது ஒன்றுதான்.

"திங்கக்கிழமை நான் டூட்டில சேரணும். அம்மா இருந்தாத்தான் குழந்தைய விட்டுட்டுப் போக முடியும். வாயக் கொடுத்து எதையாவது கெடுத்து வைக்காதீங்க" என்று, நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். அவனும் யாரிடமும் வாயைக் கொடுக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் பேசினான். வம்பு அங்கேதான் காத்திருந்தது.

அவன் ஒரு பெரிய ஓட்டலில் பரிமாறுகிறவன். இத்தனை நாள் தட்டு தூக்கியவனை மேனேஜர் வைன் பக்கம் மாற்றிவிட்டார். வைனைப் பற்றிப் பேச ஒரு தனி பாஷையே இருக்கிறது. வாயில் கனமாக நிறைந்தால் அதற்கு நல்ல உடம்பு. மணத்துக்குப் பெயர் மூக்கு. கிளாஸைச் சுழற்றி நிறுத்தினால் உள்சுவரில் வழிகிற கோடுகள் கால். இத்தனையும் உள்ள வைனுக்குத் தலை மட்டும் கிடையாது. குடித்தவருக்கும் கொஞ்ச நேரத்தில் அது இருக்காது. இதையெல்லாம் வாடிக்கையாளருக்குத் தமிழில் புரிய வைக்க வேண்டும் என்பது உத்தரவு.

ஓட்டலில் கொடுத்தனுப்பிய பழைய சிவப்பு வைனை ஊற்றிக்கொண்டு, பீரோக் கண்ணாடியைப் பார்த்து ஒத்திகையைத் தொடங்கினான்.

"நல்லா வயசாயிடுச்சு சார், ஆனா இன்னும் கெட்டுப் போகல. உடம்பு கனம். மூக்கு கொஞ்சம் தூக்கல். காலப் பாருங்க, எவ்வளவு மெதுவா இறங்குது. எடுத்த உடனே பேசாது. கொஞ்சம் காத்தாட விட்டாத்தான் வாயத் திறக்கும். கடைசில ஒரு கசப்பு இருக்கு, அது லேசுல போகாது. பொறுத்துக்கணும்."

கதவுக்கு அந்தப் பக்கம், தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டபடி மாமியார் நின்றிருந்தார். அவருக்கு முழங்கால் வலி. அன்று காலையில்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கியிருந்தார்.

மாப்பிள்ளை கிளாஸும் கையுமாக வெளியே வந்தபோது, கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. மாமியார் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க அத்தை கிளம்பிட்டீங்க?"

"காத்தாடப் போறேன். கசப்ப நீங்க எதுக்குப் பொறுத்துக்கணும்?"

"ஐயோ அத்தை, நான் வைனச் சொன்னேன்."

"வைனுக்கு ஏது காலும் மூக்கும்? யாரோ ஒரு சார்கிட்ட போன்ல என்னை அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு வெச்சீங்க. அதக்கூட விடுங்க." அவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். குரல் இங்கேதான் உடைந்தது. "பேசாது, திறக்கும்னு என்னை அஃறிணைல சேர்த்துட்டீங்களே. பேசமாட்டாங்கன்னு சொல்ல வாய் வரலயா?"

அவன் கண் முன்னால் திங்கட்கிழமை வந்து நின்றது. மேற்கொண்டு பேசினால் இன்னும் கெடும் என்று பயந்து, கிளாஸைச் சுழற்றி அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். கோடுகள் நிதானமாக வழிந்தன.

"இதான் கால். மோந்து பாருங்க, அதான் மூக்கு."

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோடுகளைப் பார்த்தார். கிளாஸை வாங்கி முகர்ந்தார். முகத்தில் பழைய வகுப்பறை வந்தது.

"மணத்துக்கு மூக்குன்னு பேரா? அட, ஆகுபெயர்."

அது என்னவென்று அவனுக்கு மறந்தே போயிருந்தது. "அதேதான் அத்தை" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான்.

அவர் சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். காலிப் பெட்டியைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிறகு கிளாஸை இன்னொரு முறை முகர்ந்து, அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இளசு. மணம் ஊரைக் கூட்டுது, உள்ள சரக்கு பத்தாது. போகப்போகத் தேறும்." கடைசிச் சொல்லை மட்டும் பாடம் நடத்துவது போல அழுத்தினார்.

"இல்ல அத்தை, இது ரொம்பப் பழசு."

"நான் வைனச் சொல்லல மாப்பிள்ளை."