மாதா வந்த வீடு

மே மாதம் பிறந்தால் பார்க்கிங் என்ற அந்த வெளிநாட்டு ஊரின் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளுக்கு மாதா வருவாள், ஒரு நாளைக்கு ஒரு வீடு. சுரூபச் சிலைக்குப் பூ வைத்து, எல்லோரும் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வார்கள். மாலையின் ஒவ்வொரு பத்து மணியையும் ஒருவர் தொடங்குவார். தொடங்குமுன் தம் வேண்டுதலை எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும்.

அன்று கிளறிற்றாவின் வீடு. பங்குக் கோயிலில் அவளுக்கு நல்ல பெயர். விடியலிலிருந்து வருபவர்களுக்கு ரோல்ஸ் பலகாரம் சுற்றியதும் வீடு துடைத்ததும் டொலறஸ். பிள்ளைகளைப் பார்க்கவென்று மன்னாரிலிருந்து கூட்டிவரப்பட்டவள். வந்த அன்றே அவளுடைய பாஸ்போட் கிளறிற்றாவின் அலுமாரிக்குள் போய்விட்டது. சம்பளம் இல்லை. வாசற்கதவுச் சாவியும் இல்லை.

"கோயிலுக்கெண்டு வெளியிலை போனா பொலிஸ் பிடிக்கும். ஏன், இஞ்சையிருந்து கும்பிட்டா மாதாவுக்குக் கேக்காதோ?" என்பாள் கிளறிற்றா. டொலறஸ் ஞாயிறுதோறும் பாத்திரம் கழுவிக்கொண்டே மனத்துக்குள் பூசை கண்டாள்.

மாதா வரப்போகிறாள் என்று கேட்டதிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புத்தான். எப்படியாவது ஒரு வேண்டுதல் சொல்லிவிட வேண்டும். இத்தனை சனம் கேட்டால் ஒருவராவது கைகொடுக்க மாட்டார்களா?

செபமாலைக்கு வந்திருந்த கிழவி பியற்றிஸ், நடுவில் தண்ணீர் குடிக்கக் குசினிக்கு வந்தபோது, குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு முழந்தாளிட்டிருந்த டொலறஸைக் கண்டாள்.

"ஏன் பிள்ளை இஞ்சை ஒளிச்சிருக்கிறாய்? முன்னாலை வா."

"வேலை கிடக்கு அன்ரி."

"ரோல்ஸுக்கு என்ன கால் முளைச்சிருக்கோ, ஓடிப்போக? கடைசிப் பத்தை நீ சொல்லு."

பியற்றிஸ் அவளை முன்னறைக்குக் கூட்டிப்போனாள்; அத்தனை பேருக்கு முன்னால் கிளறிற்றாவால் மறுக்க முடியவில்லை.

டொலறஸ் மாதாவைப் பார்த்துச் சொன்னாள்: "என்ரை பாஸ்போட் என்ரை கைக்கு வரவேணும். இந்தக் கதவாலை நான் வெளியிலை போகவேணும். இஞ்சை இருக்கிற ஆரெண்டாலும் எனக்கு உதவி செய்ய வேணும், தாயே."

அந்த அறையில் பாஸ்போட்டுக்காகவும் விசாவுக்காகவும் அழாதவர் எவருமில்லை. அந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் கேட்ட வேண்டுதல்தான் அது.

"விசாக் கேஸ் இழுபடுதாக்கும், பாவம்" என்றாள் ஒருத்தி.

வெளிறிப்போயிருந்த கிளறிற்றா அந்தச் சொல்லைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "ஓம், அவவின்ரை கேசுக்காக எல்லாரும் உருக்கமாச் செபிப்பம்."

உருக்கமாகத்தான் செபித்தார்கள். "புனித மரியே, இறைவனின் தாயே" என்று வீடே அதிர்ந்தது. பிறகு ரோல்ஸ் சாப்பிட்டார்கள். மாதாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு பூட்டப்பட்டது. கிளறிற்றா அடிக்கவில்லை, டொலறஸின் செபமாலையை மட்டும் பறித்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை பெல் அடித்தது. மேலே குளியலறை தேய்த்துக்கொண்டிருந்த டொலறஸுக்குக் கீழே கேட்ட குரல் யாருடையது என்று தெரிந்தது.

"அந்தப் பிள்ளை எங்கை?" பியற்றிஸ்.

"அவவோ? பாஸ்போட் கிடைச்சு ஊருக்குப் போட்டா அன்ரி."

"என்ரை தாயே! மாதா கேட்டிட்டா!" கிழவியின் குரல் தழுதழுத்தது. "வெறுங்காலோடை நிண்டவள் எண்டு சொக்ஸ் பின்னிக்கொண்டு வந்தனான். பரவாயில்லை, ஆரும் ஏழைக்குக் குடு. நான் நாளைக்கு நன்றிப் பூசைக்குக் காசு குடுக்கிறன்."

டொலறஸ் கத்த வாயெடுத்தாள். அன்று அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் ஒருவருக்கும் விளங்காமல் போனது நினைவுக்கு வந்தது. பொலிஸ் பயமும் சேர்ந்துகொண்டது. அதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

"இந்தா, ஏழைக்காம்." கிளறிற்றா சொக்ஸைப் படிக்கட்டில் எறிந்தாள்.

நீலக் கம்பளி. குதிக்கால் பக்கம் இரட்டை நூலால் பின்னியிருந்தது. இந்த ஊருக்கு வந்த பிறகு அவளுக்கென்று நினைத்து ஒருவர் செய்த பொருள் அது ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்டு குசினித் தரையில் முழந்தாளிட்டாள். தனக்கென்று கேட்க அவளுக்கு இனி மனம் வரவில்லை.

"பியற்றிஸ் அன்ரிக்கு நல்ல சுகத்தைக் குடும், தாயே" என்றாள்.

மேலேயிருந்து கிளறிற்றா கூப்பிட்டாள். எழுந்து போனாள்.