மாடிப்படிக்குக் கீழே நாலு கணினி

காலை பத்தே காலுக்கு என் கையாலேயே ஆஸ்பத்திரியின் நான்கு கணினிகளையும் ஊமையாக்கினேன். யார் தலையிலாவது பழியைக் கட்ட எனக்கு வாய் உண்டு. இதில் அதற்கும் வழியில்லை.

மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறது அந்தச் சின்ன ஆஸ்பத்திரி. அங்கே மாடிப்படிக்குக் கீழே, பினாயில் பாட்டில்களுக்குப் பக்கத்தில், ஒரு பழைய சர்வர் பெட்டி. அதில் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளைப் போட்டது நான்தான். விண்டோஸ் எதுவும் இல்லாமல் வெறும் இரும்பின் மேல் நேராக உட்கார்ந்து, ஒரு பெட்டிக்குள் நான்கு கணினிகளை நடத்தும். சீட்டுப் பதிவுக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று, மருந்துக் கடைக்கு ஒன்று, ஸ்கேன் படங்களுக்கு ஒன்று. இலவசம் என்றேன். அதற்குப் பிறகு மேனேஜர் அம்மையப்பன் அண்ணாச்சி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

என் மாப்பிள்ளை ஆமிர் ஆகஸ்டில் ஷார்ஜாவில் மவுத்தானார். அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. நான் இத்தாவில் இருக்கிறேன், கணவனை இழந்தவள் இருக்கும் துக்க காலம். நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக்கூடாது. அன்று எழுபத்தெட்டாவது நாள். வீட்டிலிருந்தே சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சித்தான் வேலையைத் தக்கவைத்திருந்தேன். "ஒரு நாள் நின்னுச்சுன்னா வேற ஆளைப் பாத்துருவேன்" என்று அண்ணாச்சி அப்போதே சொல்லியிருந்தார். மாமிக்கும் எனக்கும் என் நான்கு வயது மகளுக்கும் அந்த வேலையை விட்டால் வேறு வருமானம் கிடையாது.

செய்த தப்பு இதுதான். பெட்டிக்குப் பின்னால் நெட்வொர்க் கேபிள் குத்த இரண்டு இடம். இரண்டாவதுக்கு மாற்றலாம் என்று, என் திரையில் முதலாவதை நீக்கினேன். வீட்டிலிருந்து நான் உள்ளே போயிருந்த வழியே அந்த முதலாவதுதான். வேறொருத்தி இப்படிச் செய்திருந்தால் ஒரு வாரம் கேலி செய்திருப்பேன்.

அண்ணாச்சி போனில் வந்தார். "லேபு நிக்கி, மருந்துக் கடை நிக்கி, சனம் கத்துது. என்னம்மா செஞ்சிய?"

"பெட்டி முன்னால ஆள் உக்காந்துதான் சரிபண்ண முடியும் அண்ணாச்சி. இங்கன இருந்து முடியாது."

"அப்போ வாங்க. அரைமணி நேரம் பாப்பேன். அதுக்கு மேல பாளையங்கோட்டையில ஆள் சொல்லிருவேன்."

புர்காவை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவசியத்துக்குப் பகலில் போய்வர மார்க்கத்தில் இடமுண்டு. மாமிக்கும் அது தெரியும். இருந்தும் மாமி ஆபிதா பீவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போவாதன்னு நான் சொல்லலை புள்ள. என் மவன் மையத்து முகத்தைக்கூட நான் பாக்கலை. அவனுக்காவ இங்கன நடக்குதது நீ இருக்குத இந்த இருப்பு ஒண்ணுதான். இன்னும் அம்பத்திரெண்டு நாளு."

அவர் மேல் எனக்குக் கோபம் பொங்கியது. அந்தக் கையை விலக்கிவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. புர்காவோடு தரையிலேயே உட்கார்ந்து ஆஸ்பத்திரி ஆயா உலகம்மாள் அக்காவைக் கூப்பிட்டேன். அந்த அறையின் சாவி அவரிடம்தான் இருக்கும். அண்ணாச்சி பெட்டியைத் தொட மாட்டார். கெட்டுப்போனால் தன் தலையில் விடியும் என்று பயம்.

"எனக்கு இங்கிலீஸ் தெரியாதே தாயி."

"நம்பர் தெரியும்லா அக்கா? அது போதும். கீபோர்டுல மேல் வரிசை, இடது ஓரத்துல இருந்து மூணாவது."

"அமுக்கிட்டேன். ரெண்டு கட்டம் வந்திருக்கு. கீழ உள்ளது காலி."

"கீழ அம்புக்குறி போட்டு அதுக்குப் போங்க. இப்ப நம்பர் சொல்லுதேன்."

பாஸ்வேர்டில் எழுத்தும் குறியும் கலக்க வேண்டும் என்று அந்த மென்பொருளில் விதி உண்டு. அதைத் தளர்த்திவிட்டு வெறும் எட்டு எண்களை வைத்திருந்தேன். ஆமிர் லீவில் வர டிக்கெட் போட்டிருந்த தேதி. அதை அடித்துத்தான் தினமும் வேலையைத் தொடங்குவேன். அந்தத் தேதி வந்து, போய், மூன்று நாள் ஆகியிருந்தது. அங்கே போன் ஸ்பீக்கரில் கிடந்தது. பக்கத்தில் அண்ணாச்சி இருமுவது கேட்டது.

"சைபர். ஒன்பது. ஒண்ணு. ஒண்ணு." மேலே போகமுடியாமல் அழுதேன்.

"பைய சொல்லு தாயி. எங்கனயும் போயிர மாட்டேன்" என்றார் உலகம்மாள் அக்கா.

மீதி நான்கையும் சொன்னேன். பெட்டியின் பூட்டு திறந்தது. மூன்றாவது வரி, அதற்குள்ளே முதல் வரி, நான் நீக்கிய முதலாவதை மறுபடி சேர்க்க அங்கே இடவெளிக் கட்டையை ஒரு தட்டு. கடைசியில் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும் எழுத்தைத் தேடச் சொன்னேன். கண்டுபிடித்து அமுக்கினார்.

என் திரை உயிர்பெற்றது. நான்கு கணினிகளும் அவ்வளவு நேரமும் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன, வெளியே பேச வழியில்லாமல்.

அண்ணாச்சி போனை வாங்கினார். "நல்லதும்மா. ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. ஆயாம்மா பத்து நிமிசத்துல செய்யுத வேலைக்குத் தனியா ஆள் எதுக்குன்னு டாக்டர் கேட்டா நான் என்ன சொல்ல? நம்பரையும் எழுதிப் பெட்டி மேல ஒட்டியாச்சு. இந்த மாசத்தோட நிறுத்திக்கிடுவோம்."

அக்கா அமுக்கினார், ஆனால் எதை அமுக்க வேண்டும் என்று சொன்னது நான் என்றேன். கெஞ்சினேன். மகளைச் சொன்னேன், மாமியைச் சொன்னேன். வெட்கத்தை விட்டு மாப்பிள்ளையையும் சொன்னேன். "சனம் நிக்குதும்மா" என்று வைத்துவிட்டார்.

நான் இன்னும் உள்ளேதான் இருந்தேன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டுச் சும்மா இருந்தால் போதும். அடுத்த முறை நின்றால் என் காலில்தான் விழ வேண்டும். மாற்றினேன். லேப் கணினியில் ரிப்போர்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு அண்ணாச்சிக்கு எழுதினேன்: "பழைய நம்பர் இனிமேல் செல்லாது. ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக அடித்தால் திறக்கும். பெட்டி மேல் ஒட்டிய தாளை மட்டும் தயவுசெய்து கிழித்துவிடுங்கள்."

மாமி கதவை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சரியாயிட்டா புள்ள? ஓடுதா?"

"ஓடுது மாமி" என்றேன்.