என்னிடம் ஒரு நாய் இருக்கிறது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் பக்கத்து நாற்காலிக்காரர் தன் கதையாகச் சொன்னது. நான் வீங்கிய கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குறுக்கே ஒரு வார்த்தை பேச வழியில்லை. கதை சொல்கிறவருக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்தால் விடுவாரா? கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார். கடைசிக் கட்டம் வந்தபோது உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் என்னையும் வேறோர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் வெளியே வந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

பல் போனது போதாதென்று கதையின் முடிவும் போனது.

2

தொடக்கம். மூன்று எழுதிப் பார்த்தேன்.

"அந்தக் கல்லூரியின் முதல் மாடியில், மாலை வெயில் ஜன்னல் வழியாக—" (வேண்டாம். வெயில் வேறு எது வழியாக வரும்?)

"மொழி என்பது ஒரு—" (கட்டுரை. அடித்தாயிற்று.)

"கிரேன்காரருக்குத் தலை நரைத்த பிறகு இங்கிலீஷ் படிக்க வேண்டி வந்தது."

இது பரவாயில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறது. ஆனால் இதிலும் ஒரு பொய் இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் கிரேன் ஓட்டுகிறவரே இல்லை. ஏதோ குளிர்பதனக் கிடங்கில் வேலை என்றார். எனக்குக் குளிர்பதனக் கிடங்கைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. என் சித்தப்பா கிரேன் ஓட்டினார், அதனால் அந்தக் கேபினும் ஏணியும் கொக்கியும் தெரியும். எனவே இவரைக் கிரேனில் ஏற்றிவிட்டேன். உண்மையைச் சொல்லத் தெரியாதபோது, சொல்லத் தெரிந்ததைச் சொல்லிவிடுவது. என்னைத் திட்டுவதற்கு முன் அடுத்த பகுதியைப் படித்துவிடுங்கள், கிரேன்காரரும் அதையேதான் செய்தார்.

3

கட்டடம் எழும்புகிற இடத்தில், உச்சியில், ஒற்றை ஆள் உட்காரும் கேபினில் அவருக்கு வேலை. கீழே கொக்கியில் கம்பிக்கட்டை மாட்டுவார்கள், இவர் தூக்கி வைப்பார். நாள் முழுக்க வாக்கி-டாக்கியில் "ஏத்து", "இறக்கு", "நில்லு". அவ்வளவுதான் அவருடைய பேச்சு வாழ்க்கை. கம்பெனி அவரை மேற்பார்வையாளர் ஆக்கத் தயாராக இருந்தது. கல்லூரியில் மாலை வகுப்புக்குப் போய் இங்கிலீஷ் பேசிக் காட்டித் தேற வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வீட்டில் அவரும் சகலையும். மனைவியும் மனைவியின் அக்காவும் வெளிநாட்டில் ஒரே மருத்துவமனையில் நர்ஸ்கள். "ரெண்டு பேரும் ரெண்டு வீட்டுல உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? ஒண்ணா இருங்க" என்று அக்கா தங்கை சேர்ந்து உத்தரவு போட்டுவிட்டார்கள். சகலை முட்டிவலியோடு ஓய்வு பெற்றவர். காலையில் காபி கைக்கு வந்தால்தான் கண்ணைத் திறப்பார் என்பதால் அவருடைய கொழுந்தியா, அதாவது கிரேன்காரரின் மனைவி, அவருக்கு 'தொரை' என்று பெயர் வைத்தாள். அதுவே நிலைத்துவிட்டது.

முதல் நாள் வகுப்பில் டீச்சர் ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டார். "உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

(இந்த இடத்தில் ஓர் ஒப்பந்தம். வகுப்பில் தமிழ் தெரிந்தவர் கிரேன்காரர் ஒருவர்தான், அதனால் பேசுவதெல்லாம் இங்கிலீஷ். அதை நான் எழுத்துத் தமிழில் தருகிறேன். பாடப்புத்தகம் பேசுவதுபோல் இருக்கும். அவர்களும் அப்படித்தான் பேசினார்கள்.)

கிரேன்காரர் எழுந்தார். 'சகலை' என்பது தொண்டை வரை வந்தது. அதற்கு மேல் வர இங்கிலீஷில் வழி தெரியவில்லை. மனைவியின் அக்காவின் கணவர் என்று சுற்றிவளைக்கவும் தெம்பில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் படங்கள் தொங்கின: பசு, பூனை, நாய்.

"என்னிடம் ஒரு நாய் இருக்கிறது" என்றார்.

"அருமை!" என்றார் டீச்சர். அவரைப் பார்த்து யாரும் அருமை என்று சொல்லி வெகு காலம் ஆகியிருந்தது. "நாயின் பெயர் என்ன?"

"தொரை."

4

அதற்குப் பிறகு நாய் நன்றாக வளர்ந்தது.

வாரா வாரம் டீச்சர் நாயைப் பற்றிக் கேட்பார். கிரேன்காரர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். (அந்த ஒன்றைத் தவிர.) அதனால் சொன்னதெல்லாம் உண்மை. தொரை குறட்டை விடும். தொரைக்குப் பின்னங்காலில் வலி. டிவியில் ஆட்டம் நடந்தால் அதைப் பார்த்துக் கத்தும். இடி இடித்தால் என் அறைக்கு வந்துவிடும், காற்று வாங்க வந்ததுபோல் நடிக்கும். நான் வேலை முடிந்து வரும்வரை சாப்பிடாமல் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்.

கடைசி வாக்கியத்தைச் சொன்ன அன்று வகுப்பே "அய்யோ" என்று உருகியது. கிரேன்காரருக்கும் சொன்ன பிறகுதான் உறைத்தது. இத்தனை நாளும் அந்த மனிதர் தனக்காகத்தான் பட்டினியோடு உட்கார்ந்திருக்கிறார். தமிழில் இருவரும் பேசிக்கொள்வதெல்லாம் "மோட்டார் போட்டீங்களா?", "கேஸ் தீந்துபோச்சு" என்பதுதான். அன்பாக ஒரு வார்த்தை பேச அவருக்கு அரைகுறை இங்கிலீஷும் ஒரு நாயும் வேண்டியிருந்தன. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் தொண்டை அடைக்கிறது. பல்லினால்கூட இருக்கலாம்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தமிழில் ஒரு மனிதரை நாய் என்று சொல்லிப் பாருங்கள். சட்டையைப் பிடிப்பார். அந்த வகுப்பிலோ அதைவிடச் செல்லமான சொல் கிடையாது. கதையின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

5

தொரையின் முதல் ரசிகை பேக்கரியம்மா. வகுப்பில் கிரேன்காரருக்கு ஜோடி. விடியும் முன்பே எழுந்து மாவு பிசைகிறவர். முழங்கையில் எப்போதும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும், வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலை கைவந்தவர். அவருடைய தாய்மொழி வேறு. இருவருக்கும் பொதுவாக இருந்தது இந்த ஓட்டை இங்கிலீஷ் ஒன்றுதான். அதில் ஒழுகியது போக மிஞ்சியதை வைத்துச் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். நாய் என்றால் அவருக்கு உயிர், ஆனால் வாடகை வீட்டில் வளர்க்க விடமாட்டார்கள்.

வந்ததும் முதல் கேள்வி: "தொரை சாப்பிட்டதா?"

(இங்கிலீஷில் அவர் எப்படிக் கேட்டாரோ தெரியாது. தமிழில் நான் அஃறிணையில்தான் எழுத வேண்டியிருக்கிறது. தொரை மன்னிக்க வேண்டும்.)

"சாப்பிட்டது. இரண்டு முறை."

"நல்ல பையன்!"

6

டீச்சருக்கு ஒரு பழக்கம். ஆண்டு முடிவில் எழுத்துப் பரீட்சை வைக்க மாட்டார். ஜோடியில் ஒருவர் மற்றவர் வீட்டுக்குப் போய்வந்து, அந்த வீட்டைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் பேச வேண்டும். வீட்டுக்குச் சொந்தக்காரர் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார், வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் இருவரும் ஃபெயில். வீட்டு மனிதர்களையும் அழைத்து வரலாம்.

"ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன்" என்றார் பேக்கரியம்மா. "தொரையைப் பார்க்கிறேன்!"

கிரேன்காரர் தலையை ஆட்டிவிட்டுத்தான் யோசித்தார். உண்மை தெரிந்தால் இந்த மொழியில் கிடைத்த ஒரே சிநேகிதம் போய்விடும். வருடம் முழுக்க நாய் ஆக்கப்பட்டிருக்கிறோம் என்று சகலைக்குத் தெரிந்தாலோ, அது தனிக் கச்சேரி. பொய் சொல்ல ஒரே வாக்கியம் போதுமாக இருந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எத்தனை வாக்கியம் வேண்டும் என்று பார்த்தால் தலை சுற்றியது.

டீச்சரிடம் போய், கரும்பலகையில் வட்டமும் கோடும் போட்டு, மனைவி, அக்கா, அக்காவின் கணவர் என்று விளக்கி, இவரை எப்படிச் சொல்வது என்று கேட்டார்.

"பிரதர்-இன்-லா."

மனைவியின் தம்பி?

"பிரதர்-இன்-லா."

தங்கையின் கணவர்?

"அவரும்தான்."

கிரேன்காரர் கரும்பலகையைப் பார்த்தார். மச்சானும் மாப்பிள்ளையும் சகலையும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பது போலிருந்தது. கல்யாண வீட்டில் யார் யாரிடம் கோபித்துக்கொள்வது என்றுகூட இவர்களுக்குத் தெரியாதே என்று நினைத்தார்.

மறுநாள் முழுக்கக் கேபினில் ஒத்திகை. "மன்னிக்கவும். தொரை நாய் அல்ல. தொரை ஒரு மனிதர்." திரும்பத் திரும்பச் சொன்னார். வாக்கி-டாக்கி பொத்தான் அழுந்தியே இருந்தது தெரியவில்லை. கீழே இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"அண்ணே," என்றது கீழிருந்து சிக்னல் காட்டுகிறவர் குரல், "இங்கிலீஷ்ல யாருகிட்டயோ மன்னிப்பு கேக்கறீங்கன்னு புரியுது. முதல்ல கம்பிய இறக்குங்கண்ணே, அப்பறமா கேட்டுக்கலாம்."

7

முடிவுகள்.

முதல் முடிவு: பக்கத்துத் தெருவில் ஒரு நாயை இரவல் வாங்குகிறார். எழுதிப் பார்த்தேன். நாய் வந்ததும் கதையை அதுவே கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. கிழித்தேன்.

இரண்டாம் முடிவு: "தொரை இறந்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறார். பேக்கரியம்மா அழுகிறார். அதைப் பார்த்து இவரும் நிஜமாகவே அழுகிறார். அதே சமயம் சமையலறையில் தொரை வெங்காயம் உரித்துக்கொண்டு— (சீ. உயிரோடு இருக்கிற மனிதரை என் வசதிக்காகக் கொல்வேனா? கையெழுத்துப் பிரதியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அடித்தேன்.)

இனி பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னபடியே சொல்கிறேன். கிரேனைத் தவிர.

8

ஞாயிறு காலை. மன்னிப்பு வாக்கியங்களை முணுமுணுத்தபடி கிரேன்காரர் சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தார். அழைப்பு மணி அடித்தது. பதற்றத்தில் பழக்கதோஷமாகக் கத்திவிட்டார்:

"தொரை, யாருன்னு பாருங்க!"

வாசலில் பேக்கரியம்மா. ஒரு கையில் ரொட்டிப் பை, மறு கையில் சிவப்பு ரப்பர் பந்து. பெயரைக் கேட்டதும் முகமெல்லாம் பல்லாகக் குனிந்து கையை நீட்டினார். கதவு திறந்தது. எதிரே இரண்டு செருப்பு. அதற்கு மேல் கட்டம் போட்ட லுங்கி, வீங்கிய முட்டி, காபி டம்ளர், நரைத்த மீசை. மெதுவாக நிமிர்ந்துகொண்டே வந்தார்.

"வாங்க வாங்க," என்றார் தொரை. "சகலை, உங்க ஸ்கூல்காரங்க வந்திருக்காங்க!"

கிரேன்காரர் ஒற்றைக் கைச் சட்டையோடு ஓடி வந்தார். மனப்பாடம் செய்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மிச்சம் இருந்த இங்கிலீஷை வைத்துச் சொன்னார்:

"நாய் இல்லை. எப்போதும் இல்லை. இவர்தான். கால்வலி, இவர். இடி, இவர். கதவருகே உட்காருவது, இவர். எனக்கு வார்த்தை இல்லை. நாய் என்ற வார்த்தை இருந்தது."

பேக்கரியம்மா தொரையைப் பார்த்தார். முட்டியைப் பார்த்தார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு சிரித்தார். ரொட்டிப் பை சரிந்து உருளுவதுகூடத் தெரியாமல், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். தொரைக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் விருந்தாளி சிரிக்கும்போது சும்மா நிற்பது மரியாதையில்லை என்று அவரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் பேக்கரியம்மா எழுந்து, பந்தை இரண்டு கையாலும் தொரையிடம் கொடுத்தார்.

"எனக்கா?" என்றார் தொரை. "ஓ, முட்டிக்கு! டாக்டரும் பந்து வெச்சு அமுக்கச் சொன்னாரு. பாத்தீங்களா சகலை, எவ்வளவு அக்கறை!"

அன்று முழுக்க மூவரும் ரொட்டி தின்றார்கள். தொரை தமிழில் பேசினார், பேக்கரியம்மா தன் மொழியில் பதில் சொன்னார். இருவருக்கும் அது நன்றாகவே ஓடியது. புறப்படும்போது பேக்கரியம்மா கிரேன்காரரிடம் கேட்டார்:

"பரீட்சையில் நான் என்ன சொல்ல? எல்லோரும் நாயைக் கேட்பார்கள்."

"தெரியவில்லை."

"நான் யோசிக்கிறேன்" என்றார். உள்ளே திரும்பித் தொரைக்குக் கையசைத்தார்.

"சகலை," என்றார் தொரை அன்று மாலை, "நம்ம வீட்டைப் பத்திப் பேசப் போறாங்களாமே. நான் வராம எப்படி? அந்த நீலச் சட்டைய எடுத்துக் குடுங்க."

வேண்டாம் என்று சொல்ல, தமிழிலும் கிரேன்காரருக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

9

இதுவரைதான் எனக்குத் தெரியும். பரீட்சை அறை, முன் வரிசையில் கிரேன்காரர், பேக்கரியம்மா எழுந்து நிற்கிறார். "அப்பறம் பாருங்க, அந்தம்மா—" என்று பக்கத்து நாற்காலிக்காரர் ஆரம்பித்தபோதுதான் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

எனவே உங்கள் உதவி வேண்டும். உங்களை அந்த அறையில் கடைசி வரிசையில், தொரைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கிறேன். தொரை இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் இருக்கிறார். உங்களுக்குத் தமிழ் தெரியும், இங்கிலீஷும் சமாளிப்பீர்கள். இரண்டும் தெரிந்த இன்னொருவருக்கு வாயைத் திறக்க அனுமதி இல்லை.

பேக்கரியம்மா பேசுகிறார். நான் கதைக்கு வெளியே நிற்பதால் எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கிறது. வகுப்பு முதலில் சிரிக்கிறது. அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பித் தொரையைப் பார்க்கிறார்கள். டீச்சர் மூக்கை உறிஞ்சுகிறார். யாரோ எழுந்து கை தட்ட, எல்லோரும் எழுந்து தட்டுகிறார்கள்.

தொரையும் எழுந்து, ஒரு வணக்கம் போட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். உங்கள் பக்கம் சாய்கிறார். முகம் விளக்கு போட்ட மாதிரி இருக்கிறது.

"ஏங்க, உங்களத்தான். என்னப் பத்தித்தானே ஏதோ சொன்னாங்க? சகலை என்னைப் பத்தி இங்க வந்து என்னென்ன சொல்லியிருக்காரு?"

முன் வரிசையிலிருந்து கிரேன்காரர் திரும்பி உங்களையே பார்க்கிறார். உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

நான் இங்கே பேனாவை வைத்துவிடுகிறேன். மீதியை நீங்கள் தமிழில் சொல்ல வேண்டும்.

"யோசிக்காம சொல்லுங்க," என்கிறார் தொரை. "நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."