பெரினா இருமும் இடம்

பிடிவாதம் என்றால் என் அத்தான் மிகூலாவுக்கு உடும்புப்பிடிதான். கண் போய்ப் பல வருடமாகியும் எங்கள் தீவுக் கோயிலில் பழைய ஸ்லாவிய வாசகங்களைப் பாடுவது அவர்தான். வீட்டில் என் அக்கா பெரினா வாசித்துக் காட்டுவாள். அவர் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்வார். போன குளிர்காலத்தில் அக்கா போய்ச் சேர்ந்தாள். இனி நான் வாசிக்கிறேன் என்று போய் நின்றேன். வாசலோடு திருப்பி அனுப்பினார்.

"அவ தட்டி வச்சத என் காதால கேக்கணும், ஓர்சுலா. நீ நடுவுல வராத."

கோயில் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் அவருக்குக் கண் போன மறு வருடமே அக்கா அதை எங்கள் கோயில்களின் பழைய எழுத்தான கிளாகொலித்சாவில் கணினியில் ஏற்றத் தொடங்கினாள். கணினி எழுத்துகளை எண்களாகத்தான் வைத்திருக்கும்; அப்போது அந்த எழுத்துக்குச் சொந்த எண் கிடையாது. லத்தீன் எழுத்துக்கும் நிறுத்தக்குறிக்கும் கிளாகொலித்சா வேஷம் போட்டுவிடும் எழுத்துருவை வைத்துத் தட்டினாள். திரையில் பார்த்தால் அச்சு அசல். ஆனால் பார்வையற்றவர்களுக்குப் படித்துச் சொல்லும் கணினிக் குரலுக்கு வேஷமெல்லாம் தெரியாது. உள்ளே இருப்பதைத்தான் சொல்லும். அக்கா போனபின் அவருக்குப் போட்டுக் காட்டினேன்.

"சதவீதக் குறி, ஜே, அடைப்புக்குறி, கியூ," என்றது அது.

"கடவுள் வார்த்தையா இது? மீன்காரன் குடிச்சிட்டு உளர்ற மாதிரி இருக்கு," என்றார் அத்தான்.

இப்போது எங்கள் எழுத்து ஒவ்வொன்றுக்கும் உலகம் ஒப்புக்கொண்ட எண் இருக்கிறது. வேஷத்தைக் கலைத்து அந்த எண்களைப் போட்டு, குரலுக்கு எழுத்துகளின் பெயரைச் சொல்லிக்கொடுத்தால் போதும். பள்ளியில் கணினிப் பாடம் எடுத்தவள் நான், வேலை கடினமில்லை. மனம்தான் வரவில்லை.

தவக்கால வாசகங்களில் ஒன்று பிறவிக் குருடனைப் பற்றியது. இயேசு எச்சிலில் சேறு குழைத்து அவன் கண்ணில் பூசுவார். அவன் போய்க் கழுவிவிட்டுப் பார்வையோடு திரும்புவான். அத்தானுக்கு அக்கா அதை வாசித்ததே இல்லை. அந்தப் பக்கம் வந்தால் இருமுவாள், தண்ணீர் குடிப்பாள், அடுத்ததற்குப் போய்விடுவாள். பாதிரியாரும் அன்றைக்கு வேறொன்றைப் பாடச் சொல்லிவிடுவார். ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவருக்கு அது மறந்தே போயிருக்கும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

அத்தானுக்கு இரக்கம் ஆகாது. கைபிடித்துத் தெருவைக் கடத்திவிட வந்தவனைக் கம்பால் தட்டியவர். கட்டினவளே இத்தனை காலம் பாவம் பார்த்தாள் என்று தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார். அந்தப் பக்கத்தை மட்டும் அழித்துவிடலாமா என்று கை போனது. அக்கா தட்டியதை அழிக்க நான் யார்? அப்படியே மாற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

உட்கார்ந்ததும் அவர் கேட்டது, "தவக்காலம், நாலாவது வாரம், புதன்." அந்தக் குருடன் வாசகத்தின் நாளேதான்.

"வார்த்தையா வேணாம். எழுத்து எழுத்தா சொல்லச் சொல்லு."

"விடிஞ்சிரும் அத்தான்."

"விடிஞ்சா எனக்கென்ன? அப்பவும் இருட்டுதான்."

குரல் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில், "ஸ்லோவோ. ல்யூதி. யாத். பொகோய்," என்றது.

நாலு எழுத்தையும் கூட்டி, "ஸ்லேப். குருடன்," என்றார் அத்தான்.

"அத்தான், அக்கா வந்து…"

"இந்த எடத்துலதான் இருமுவா. சின்னப் பையன்லேருந்து பாடுறேன். ஒரு வாசகம் காணாமப் போனா எனக்குத் தெரியாதா? ஊரே சேந்து கெட்டிக்காரத்தனமா மறைச்சீங்களாக்கும்!"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா அழுவா. அவன் பார்வையோட வந்தான்னு எங்கிட்ட வாயால சொல்ல அவளால முடியல. சரின்னு விட்டேன். ஆனா தட்டும்போது தட்டினாளா, அங்கயும் தாண்டிட்டாளா? அது தெரியணும் எனக்கு. அதான் உன்ன வாசிக்க விடல. நீயும் அவ தங்கச்சிதானே, இருமிருவ."

குரல் ஒரே சீராகச் சொல்லிக்கொண்டே போனது. சேறு வந்தது, குளம் வந்தது. போனான், கழுவினான், பார்வையோடு வந்தான். கடைசி எழுத்து வரை இருந்தது.

"ஒண்ணுகூட விடல," என்றார் அத்தான். அவர் கை மேசையில் கணினியைத் தேடித் தொட்டு அங்கேயே இருந்தது.

எவ்வளவு அடக்கியும் இருமிவிட்டேன்.

"பாத்தியா," என்றார்.